களத்தில் மூன்று நிறக் கோடுகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் மூட்டுவலி, அடுத்து மருமகள். இரண்டும் ஓய்ந்துவிட்டதென்றால் கொஞ்சம் இப்படித் திரும்பி உட்காருங்கள். நான் ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டுக்கு என்ன பெரிய கதை என்று கேட்காதீர்கள். நீங்களும் கரித்துண்டால் தரையில் கட்டம் கிழித்து, அதை மிதித்தவளின் சடையைப் பிடித்து இழுத்தவர்கள்தான்.

வெள்ளைக்காரன் இருந்த காலம். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர். எனக்குப் பதினொரு வயது. அப்பா ஊர்க்கவுண்டர். ஊரில் எந்தத் தகராறும் எங்கள் வாசலில்தான் வந்து முடியும். அப்பா ஒரு சொல் சொன்னால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பயத்தால் அல்ல, அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதுதான் விஷயம், பொறுங்கள்.

மலையில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, சமதரைக்குப் பஞ்சம். வீட்டு வாசலில் ஒரு பலாக்கொட்டையைக் கீழே போட்டால் அது பக்கத்து வீட்டுப் பட்டியில் போய் நிற்கும். ஊருக்கென்று தட்டையாக இருந்த ஒரே இடம் களம். சாமையும் ராகியும் எல்லாரும் அங்கேதான் அடிப்பார்கள். ஒரு மூலையில் பாறை துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தவிர்த்தால் நல்ல விசாலம். சாமை அடித்து முடிந்து ராகி வருவதற்கு நடுவே சில வாரங்கள் களம் சும்மா கிடக்கும். அப்போதுதான் பிள்ளைகளுக்கு அது கிடைக்கும்.

களத்துக்கு ஒரு கட்டு உண்டு. தூற்றிக் குவித்த தானியத்தைச் சுற்றி அந்த வீட்டுப் பெண் அடுப்புச் சாம்பலால் ஒரு கோடு போடுவாள். போட்டபின் அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. அளக்கிற நேரத்தில் போட்டவளே முதலில் தாண்டி, "வாங்க" என்று கூப்பிட்டால்தான் மற்றவர் கால் வைக்கலாம். அழிப்பதும் போட்ட கைதான். வேறு கை பட்டால் அடுத்த வெள்ளாமை நொடித்துப்போகும் என்று நம்பினோம். நடக்கப் பழகும் குழந்தைக்கே அடுப்பும் கிணறும் காட்டுவதற்கு முன்னால் சாம்பல் கோட்டைக் காட்டி, "தாண்டாதே சாமி" என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்த வருடம் காட்டிலாகா ஆபீசர் ஒருவர் எங்கள் பக்கம் வருவதாகச் சேதி வந்தது. அவருக்குப் பூப்பந்து என்றால் உயிராம். போகிற ஊரிலெல்லாம் வலை கட்டி ஆடுவாராம். பள்ளிக்கூட வாத்தியார் அடிவாரத்து ஆள், ராசிபுரம் பக்கம். மெலிந்த உடம்பு, எப்போதும் ஜலதோஷம். களத்தில் பூப்பந்துக்குக் கோடு போட்டு வைக்கும்படி அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு தாளில் அளவு. எண்பதடி நீளம், நாற்பதடி அகலம், நடுவில் வலை.

வாத்தியார் நல்ல மனிதர். ஆபீசருக்கு மட்டும் கோடு போட அவருக்கு மனசு வரவில்லை. பையன்களைப் பார்த்து, "உங்களுக்குச் சடுகுடு. அதுக்கும் கோடு போட்டுருவோம்" என்றார். பையன்கள் குதித்தார்கள். பெண்கள் ஏழு பேர் பாறை மேல் உட்கார்ந்திருந்தோம். என் அத்தை மகள் இறங்கி நேரே அவரிடம் போனாள்.

"எங்களுக்குங்க?" என்றாள்.

"உங்களுக்கு என்ன விளையாட்டு?"

"கிளித்தட்டுங்க."

அத்தை மகள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கையின் பெண். கிளித்தட்டு உங்களுக்குத் தெரியும், உங்கள் பக்கம் உப்புக்கோடு என்று சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருத்தி காவல் நிற்பாள். நடுவே நீளமாக ஓடும் கோட்டில் கிளி ஓடுவாள். எதிர் அணி இவர்கள் கையில் அடிபடாமல் அக்கரை போய்த் திரும்ப வேண்டும். அத்தை மகள் கிளியாக நின்றால் ஒருத்தியும் தப்ப முடியாது. அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று அவள் காலுக்கே தெரியாது. ஆனால் அவளுக்கு மலையிலேயே அந்தப் பக்கம் குண்டூர் நாட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு கிளியாவது, தட்டாவது. அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்தச் சில வாரம்தான். எல்லாரும் பார்க்க, நேரான கோட்டில், ஒரே ஒரு தடவை கிளியாக ஓட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். "ஒரு களத்துல மூணு விளையாட்டா? கோடு மேல கோடு விழுந்தா ஆடறவனுக்குக் கண்ணு கட்டிப்போகுமே கண்ணு" என்றார்.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

முதல் நாள் அவர் கண்ணளவில் மூலை பிடித்துச் சுண்ணாம்பு போட்டதில் கட்டம் கோணிக்கொண்டு போயிற்று. பையன்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு ஓடி அப்பாவின் கயிற்றை எடுத்து வந்தேன். கத்தாழை நாரில் திரித்த கயிறு, சம இடைவெளியில் பன்னிரண்டு முடிச்சு. புது வீட்டுக்கு மூலைக் கால் நடும்போது அப்பா அதைத்தான் பிடிப்பார். மூன்று முடிச்சு ஒரு பக்கம், நான்கு ஒரு பக்கம், ஐந்து குறுக்கே. மூன்று பேர் இழுத்துப் பிடித்தால் மூலை பிசகாமல் உட்காரும். நான்தான் எப்போதும் அந்த ஐந்து முடிச்சுப் பக்கத்தின் முனையைப் பிடிப்பவள். அன்று அந்தக் கயிற்றால் நாலு மூலையும் நானே பிடித்துக் கொடுத்தேன். வாத்தியார் ஓரமாக நடந்து பார்த்துவிட்டு, "அட" என்று மட்டும் சொன்னார்.

அந்த "அட" எனக்குத் தலைக்கேறிவிட்டது. அன்று சாயங்காலமே சிலேட்டில் மூன்று ஆட்டத்தையும் வரைந்துகொண்டு போனேன். பூப்பந்துக்கு வலையின் அடியில் ஒரு கோடு வரும். அதையே சடுகுடுவுக்கு நடுக்கோடாக வைத்துக்கொள்ளலாம். பூப்பந்தில் பாதியைப் பிரிக்கிற நீளக் கோடு ஒன்று வரும். வலையருகில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும் இடத்தை இணைத்துவிட்டால் அதுவே கிளி ஓடுகிற கோடு. ஆக எங்களுக்குப் புதிதாக வேண்டியது நாலே நாலு குறுக்குக் கோடு. பூப்பந்துக்கு வெள்ளை, சடுகுடுவுக்குக் காவி, எங்களுக்குச் சாம்பல்.

சாம்பல் என்று நான் சொன்னதில் கள்ளத்தனம் இருந்தது. சுண்ணாம்பு அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக வந்தது, ஆபீசர் கோட்டுக்கே இழுத்துப் பறித்துத்தான் போதும். காவியைப் பையன்கள் விடமாட்டார்கள். சாம்பல் என்றால் வீட்டுக்கு வீடு கிடைக்கும். அதோடு, களத்தில் போட்ட சாம்பல் கோட்டை எங்கள் ஊரில் எவன் அழிப்பான்?

வாத்தியார் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. மூணு விளையாட்டு, மூணு நிறம். ஆபீசர் ஆடி முடிச்சதும் சடுகுடு, அப்புறம் கிளித்தட்டு. ஆனா களத்தை நீங்க மெழுகித் தரோணும்" என்றார்.

மெழுகினோம். ஏழு பெண்களும் இரண்டு நாள் சாணி சுமந்தோம். இப்போது நினைத்தாலும் என் நகக்கண்ணில் அந்தப் பச்சை வாசனை வருகிறது. அத்தை மகள் வீடு வீடாகப் போய்ச் சாம்பல் வாங்கி, பழைய சேலைத் துணியில் சலித்து, மாவாக்கி வைத்தாள். நான் கயிறு பிடித்து, கொட்டாங்குச்சியில் துளை போட்டு, கோடு இழுத்தேன். மெழுகின தரையில் சாம்பல் வெளுத்துப்போய், காலைப் பனியில் லேசாக நனைந்து, அழகாகப் படிந்தது. போட்டவள் நான் என்பதால் நான் முதலில் தாண்டி, "வாங்கடி" என்றேன். ஒருத்தியும் வரவில்லை. கால் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்துத்தான் தாண்ட வைத்தேன். நாலைந்து நாள் ஆடியபிறகுதான் எங்களுக்கே அந்தக் கூச்சம் போயிற்று.

இதற்கு நடுவே எங்கள் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதன் கனம் அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் பசுவும் ஊர்க்காரர்கள் மாடுகளும் காட்டுக்குள் மேய்ந்துவிட்டன என்று காவல்காரர்கள் பிடித்துப் பட்டியில் அடைத்திருந்தார்கள். வீட்டில் மோருக்கே வழியில்லை. அம்மா வெறும் பால்பானையைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மாடுகளை விட வேண்டும், பழையபடி மேய விட வேண்டும் என்று வாத்தியாரை வைத்து அப்பா ஒரு மனு எழுதியிருந்தார். ஆபீசர் ஆடிக் களைத்து, சந்தோஷமாக உட்காரும் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆபீசர் வருவதற்கு நாலு நாள் முன்னால் அவருடைய டவாலிச் சேவகன் வந்தான். களத்தைப் பார்க்க வந்தவன், வெள்ளைக் கோட்டைச் சரி என்றான். பையன்களை விட்டு ஒரு ஆட்டம் ஆடிக் காட்டச் சொன்னான். அதுவரை பையன்கள் எங்கள் கோடு போட்ட களத்தில் கால் வைத்ததில்லை. நான் முன்னால் போய், முறைப்படி தாண்டி, "வாங்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஊரிலேயே முரடன் ஒருவன் சடுகுடு பாடிக்கொண்டு பாய்ந்து போனான். எதிரே ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான், காலடியில் சாம்பல் கோடு. அப்படியே நின்றுவிட்டான். மூச்சும் நின்றது, பாட்டும் நின்றது. பிடிக்க வந்த ஐந்து பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். தொட ஒருத்தனுக்கும் தைரியமில்லை. அடுத்து டவாலி தான் கொண்டுவந்த பந்தை எறிந்து பார்த்தான். பந்து பொறுக்க நிறுத்தியிருந்த பையனோ, காலருகே உருண்ட பந்தை எடுக்கக் கோட்டைச் சுற்றிக்கொண்டு களத்துக்கு வெளியே போய் வந்தான். அந்தப் பந்து மஞ்சள் கம்பளி நூலில் சுற்றியது, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். அதை அவன் ஓடியாடி எடுத்து வருவதற்குள் டவாலிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னய்யா இது, சாம்பலைக் கண்டு பயப்படறானுங்க? ஐயா ஆடறப்ப இப்படிப் பண்ணினா தொலைஞ்சீங்க" என்று வாத்தியாரிடம் கத்தினான். அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் நாங்கள் பாறை மேல் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு ரொம்ப நேரம் அடங்கவில்லை. நினைக்க நினைக்க வயிற்றெரிச்சல், அன்று அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். வழக்கமாக என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்று "சாமி" என்றார்.

"சாமி, நீ போட்ட சாம்பல் கோட்டை அழிச்சுரு."

"ஏனுங்கப்பா?"

"சாம்பல்னா பசங்க மிதிக்க மாட்டேங்கறானுங்க. நீயே பாத்தில்ல. அதை அழிச்சுட்டு, அதே எடத்துல சுண்ணாம்புல போட்டுக்குங்க. வெள்ளையா நல்லாத் தெரியும். நாளைக்குக் காலையில வாத்தியார் சுண்ணாம்பு தருவாரு, வாங்கிக்கோ."

"நெசமாலுமாங்க?"

"நான் சொல்றேன்ல."

அதற்குமேல் என்ன கேட்பேன்? ஊரே அந்தச் சொல்லோடு எழுந்து வீட்டுக்குப் போகும். சாம்பலைவிடச் சுண்ணாம்பு கௌரவம் என்று எனக்குச் சந்தோஷம் வேறு. ஆபீசருக்கும் எங்களுக்கும் ஒரே நிறம். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு கோடாக, என் கையால், நானே கூட்டி அழித்தேன். ஊற்றிலிருந்து குடம் தூக்கி வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "ஏங்கண்ணு அழிக்கறே?" என்று கேட்டாள். "காலையில பாருங்க" என்று சிரித்தேன். அத்தை மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை.

விடிந்ததும் பெரிய கொட்டாங்குச்சி ஒன்றைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியார் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு குடுங்க சார். எங்க கோட்டுக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்கப்பா சொல்லலயா?"

"சொன்னாருங்க. நீங்க தருவீங்கன்னாரு."

அவர் என்னைப் பார்த்தார். கொட்டாங்குச்சியைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு ஏது கண்ணு? அது ஆபீசர் கோட்டுக்கே முடிஞ்சுபோச்சு. ரெண்டு ஆட்டத்துக்கு மேல வேண்டாம்னு டவாலி அன்னைக்கே கண்டிசனாச் சொல்லிட்டான். நான் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன். உங்கப்பாதான், 'நீங்க சொல்லாதீங்க, சொன்னா அதுக அழிக்காது, நான் பாத்துக்கறேன்'ன்னாரு."

நான் அழவில்லை. அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்பாவால் அந்தக் கோட்டை அழிக்க முடியாது. யாராலும் முடியாது. என் கையால் மட்டும்தான் முடியும். என் கை அசைய வேண்டுமென்றால் என்னிடம் பொய் சொல்ல வேண்டும். நான் நம்புவேன் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் உண்மை பேசுகிற மனிதர், தம் முதல் பொய்க்கு என்னைத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறார்.

மறுபடி சாம்பலில் போடலாம் என்று களத்துக்கு ஓடினேன். அதற்குள் பையன்கள் மூங்கில் நட்டு, வலை கட்டி, தோரணமும் கட்டிவிட்டார்கள். அப்பா நடுக்களத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூங்கிலை ஆட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் நின்றது.

ஆபீசர் வந்தார். குட்டையான, கலகலப்பான மனிதர். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினார். மஞ்சள் பந்து வலைக்கு மேல் போவதும் வருவதுமாக இருந்தது. ஊரே வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. பிறகு வலையை மேலே சுருட்டிக் கட்டிவிட்டுப் பையன்கள் சடுகுடு ஆடினார்கள். இப்போது யாரும் எங்கேயும் தயங்கி நிற்கவில்லை. ஆபீசர் கைதட்டினார். அப்பா மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அத்தை மகள் அன்று பச்சைப் பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தலையை இறுக்கிப் பின்னி, தயாராக வந்திருந்தாள். மற்ற ஐந்து பேரும் அவள் பின்னால். சடுகுடு முடிந்ததும் அவள் களத்துக்குள் வந்தாள். தரையைப் பார்த்தாள். குனிந்து தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"எங்க கோடு எங்கீங்க சார்?"

வாத்தியார் மூக்கைத் துடைத்தார். அப்பாவைப் பார்த்தார். ஆபீசர், "என்ன கோடு?" என்று சிரித்தபடி கேட்டார்.

முதல் நாள் குடத்தோடு நின்று பார்த்த பெண்களில் ஒருத்தி என்னைக் கை காட்டினாள். "அந்தப் புள்ளதானுங்க நேத்து அழிச்சுது."

எல்லாத் தலையும் திரும்பியது. அத்தை மகள் மட்டும் நம்பவில்லை. "இவ அழிக்க மாட்டா" என்றாள். அவள் எனக்காகப் பேசியது அதுதான் கடைசி.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, நீதான் அழிச்சியா?"

"ஆமாங்கத்தை."

"யாரு சொல்லி அழிச்சே? பயப்படாமச் சொல்லு. யாரு சொன்னாங்க?"

அத்தையின் தோளுக்கு மேலே அப்பா தெரிந்தார். கையில் மனு. அவர் கண்ணால்கூட எனக்கு எதுவும் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எல்லாரையும் போல நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீசரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்கவுண்டர் பொய் சொன்னார் என்று நான் சொல்லிவிட்டால், அந்தக் காகிதத்துக்கும் மதிப்பில்லை, நாளைக்கு எங்கள் வாசலுக்கும் யாரும் வரமாட்டார்கள். இவ்வளவும் அந்த நேரத்தில் யோசித்தேனா என்றால், தெரியவில்லை. அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். "நான்தான் சொன்னேன்" என்று இரண்டு வார்த்தை. அதற்கு வேண்டிய நேரம் கொடுத்தேன். அத்தையின் பிடி கையில் வலிக்கிற வரைக்கும் கொடுத்தேன்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் அழிச்சேன்" என்றேன்.

அத்தை கையை விட்டுவிட்டாள். அத்தை மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாவாடைச் செருகலை உருவிவிட்டு, சுருட்டிய வலைக்கு அடியில் புகுந்து, களத்தைக் குறுக்கே கடந்து வீட்டுக்குப் போனாள். மறு மாதம் குண்டூர் நாட்டுக்குப் போனாள். மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது பந்தியில் உட்கார்ந்த எனக்கு அவள் இலை போட்டாள், முகம் பார்க்கவில்லை.

மாடுகள் வந்தனவா என்று கேட்பீர்கள். வந்தன. எங்கள் பசுவும் வந்தது. அப்பா செய்தது எதற்காக என்று எனக்கும் தெரியும். நானும் பிள்ளை பெற்று, மோருக்கு அலைந்து வளர்த்தவள்தான். அதனால் அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வராதீர்கள். கேட்டிருந்தால் நானே அழித்திருப்பேன். பசுவுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை மகளே விளக்குமாறு பிடித்திருப்பாள்.

ஆனால் என்னால் தாங்க முடியாதது அதுகூட இல்லை. அத்தை மகள் போனதும் அப்பா அசைந்தார். நேரே என்னிடம் வந்தார். என் தலையில் கை வைத்துக்கொண்டு, ஆபீசரைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் சொன்னார்: "சின்னப் புள்ளைதானுங்க, விவரம் பத்தாது. தெரியாமப் பண்ணிருச்சு. எனக்காக மன்னிச்சு உட்ருங்க."

ஊர் என்னை மன்னித்தது. அப்பா இறந்து எத்தனையோ வருடமாகிறது. நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. செத்துப்போன மனிதரை இப்படிப் பேசலாமா என்று நீங்கள் திட்டுவீர்கள், திட்டிக்கொள்ளுங்கள்.